மூன்று சமூகப் பிள்ளைகள், ஒரு ஞாபகச் சோதனை: புள்ளி வித்தியாசம் எதைக் காட்டுது?

நிலாவெளி_அலை

வணக்கம். ஒப்படைக்குக் கிடைத்த தலைப்பு, இனப் பின்னணியும் பிள்ளைகளின் ஞாபகத் திறனும். திட்டம் இதுதான்: திருகோணமலை நகரத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலை, கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் பாடசாலை, கந்தளாயில் ஒரு சிங்களப் பாடசாலை. தரம் 4, ஒவ்வொன்றிலும் 30 பிள்ளைகள். சோதனைகள் நான்கு: டிஜிட் ஸ்பான் (எண்களைக் கேட்டு அதே வரிசையில் திருப்பிச் சொல்வது), சொல் பட்டியல், கதை, கட்டைத் தட்டல் (சோதிப்பவர் தட்டிய கட்டைகளைப் பிள்ளை அதே வரிசையில் தட்டுவது). எல்லாம் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாற்றியவை. தொடங்க முதல் எங்கெங்கே பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டியாரம்

கட்டமைப்பிலேயே பிழை இருக்கிறது. சோதனைகளைப் பிறகு பார்ப்போம்.

ஒரு சமூகத்துக்கு ஒரு பாடசாலை என்று எடுத்தால், இனம், பாடசாலை, போதனா மொழி, ஊர் நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிறகு எந்தக் கணக்குப் போட்டும் பிரிக்க ஏலாது. கிண்ணியாப் பாடசாலையில் அந்த வருசம் ஒரு நல்ல தரம் 4 ரீச்சர் இருந்தால், அவருடைய உழைப்பு உங்கள் அட்டவணையில் "முஸ்லிம்" என்ற நிரலில் போய் விழும். கந்தளாய் வகுப்பறை வீதியோரமாக இருந்தால் லொறிச் சத்தம் "சிங்களம்" என்ற நிரலில் விழும். எங்கள் மாவட்டத்தில் பாடசாலைகள் மொழியாலும் சமூகத்தாலும் பிரிந்து கிடப்பதால் இந்தச் சிக்கல் மற்ற இடங்களைவிட இங்கே கடுமை.

எண்களில் பாருங்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒத்திருப்பு (0 என்றால் இல்லை, 1 என்றால் முழுக்க ஒன்று) 0.1 என்று வைத்தாலே, 30 பேர் கொண்ட வகுப்புக்கு வடிவமைப்பு விளைவு, அதாவது மாதிரியின் பெறுமதியை வகுக்கவேண்டிய எண், 1 + 29 × 0.1 = 3.9. உங்களுடைய 90 பிள்ளைகள் 23 பிள்ளைகளின் பெறுமதிக்கு இறங்கிவிடுவார்கள். இதைப் பாராமல் இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சாதாரண டி-சோதனை போட்டால் இல்லாத வித்தியாசத்துக்கு "தற்செயல் இல்லை" என்ற நட்சத்திரக் குறி விழும்.

அந்த ஒத்திருப்பை மறந்தாலும் கணக்கு உதவாது. நியம விலகல் (புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவு) 2 புள்ளி, பக்கத்துக்கு 30 பேர் என்றால் இரண்டு இடைகளின் (சராசரிகளின்) வித்தியாசத்துக்கு நியம வழு, அதாவது தற்செயலாக வரக்கூடிய ஆட்டம், 0.5 அளவில் வரும். ஆகவே ஒரு புள்ளி கூடக் குறைய வந்தாலும் அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது.

ஆகக் குறைந்தது ஒரு சமூகத்துக்கு நான்கைந்து பாடசாலைகள் எடுங்கள், ஒவ்வொன்றிலும் 8 அல்லது 10 பிள்ளைகள் போதும். மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, வெருகல், சேருவில என்று பரப்புங்கள். நகரப் பாடசாலையை ஒரு சமூகத்துக்கும் கிராமப் பாடசாலையை இன்னொன்றுக்கும் எடுப்பதுபோல ஒரு பிழை வேறில்லை.

உப்பாறு

கொட்டியாரம் அண்ணை சொன்னதோட திகதியையும் பாருங்கோ. முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தவணை நாட்காட்டி வேறை, நோன்பு விடுமுறை வருது. ஒரே கிழமையில மூண்டு இடத்திலயும் சோதிச்சாலும், தவணை தொடங்கிப் பிள்ளை படிச்ச கிழமைகள் ஒண்டா இராது. நோன்பு நேரம் சோதிக்கவே வேண்டாம். ஒன்பது வயசுப் பிள்ளைகள் கனபேர் பிடிக்கினம், சகருக்கு (விடியமுதல் சாப்பாட்டுக்கு) எழும்பித் தூக்கமும் குறைஞ்சிருக்கும். மாரியில தகரக் கூரைக்குக் கீழ எண் வாசிக்கிறதும் வீண். வயசை மாதக் கணக்கில எழுதுங்கோ, ஒரே தரத்துக்குள்ள கிட்டத்தட்ட பன்னிரண்டு மாத இடைவெளி கிடக்கும். இடைவேளைக்கு முதல், காலையிலயே முடியுங்கோ.

கன்னியா7

இனி டிஜிட் ஸ்பானுக்கு வருவோம். "எண்தானே, எந்த மொழியிலும் எண் எண்தான், கலாசாரம் கலக்காத சோதனை" என்று நினைத்துத்தான் எல்லாரும் இதை எடுக்கிறார்கள். கூடுதலாக மொழி கலக்கும் சோதனையே இதுதான்.

காரணம் இது. கேட்ட எண்களைப் பிள்ளை மனதுக்குள் ஓட்டி ஓட்டித்தான் வைத்திருக்கிறது. ஏறக்குறைய இரண்டு செக்கனில் எவ்வளவு சொல்லி முடிக்க ஏலுமோ அவ்வளவுதான் பிடிபடும் என்பது 1975இல் பெட்லியும் கூட்டாளிகளும் காட்டிய சொல் நீள விளைவு. சொல் நீண்டால் வீச்சு, அதாவது பிழையில்லாமல் திருப்பிச் சொல்லக்கூடிய எண்ணிக்கை, குறையும். 1980இல் எல்லிஸும் ஹெனலியும் வேல்ஸ் நாட்டில் இரண்டு மொழியும் பேசுபவர்களைச் சோதித்தார்கள். வெல்ஷ் மொழியில் எண் பெயர்களைச் சொல்ல நேரம் கூட எடுக்கும். அதே ஆட்கள், அதே மூளை. வெல்ஷில் கேட்டபோது வீச்சு குறைந்தது, இங்கிலீஷில் கூடியது. வாயை வேறு சொல்லால் மும்முரமாக வைத்திருந்து மனதுக்குள் ஓட்ட விடாமல் செய்தபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. அப்படியென்றால் இங்கிலீஷ் அளவுகோலை வைத்து வெல்ஷ் பேசும் பிள்ளைக்குப் புள்ளி போட்டால் அந்தப் பிள்ளை வீணாகக் கீழே இறங்கும். 1986இல் நவே-பெஞ்சமினும் ஏய்ர்ஸும் நான்கு மொழிகளை ஒப்பிட்டபோது இங்கிலீஷ் மேலே, அரபு ஆகக் கீழே நின்றது.

எங்கள் எண்களை அசை பிரித்துப் பார்ப்போம். இங்கிலீஷில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை "செவன்" மட்டும் இரண்டு அசை, மற்றதெல்லாம் ஒன்று, மொத்தம் 10. நாங்கள் பேசுகிற மாதிரி ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு எல்லாம் இரண்டிரண்டு, ஒம்பது மூன்று, மொத்தம் 19. சிங்களத்தில் எக, தெக, துன, ஹதர, பஹ, ஹய, ஹத, அட, நவய என்று எண்ணினால் ஹதரவும் நவயவும் மும்மூன்று, மிச்சம் இரண்டிரண்டு, மொத்தம் 20.

தமிழும் சிங்களமும் கிட்டத்தட்டச் சமம். இரண்டுமே இங்கிலீஷின் இரு மடங்கு. ஆகவே இங்கிலீஷ் பிள்ளைகளுக்குத் தயாரித்த நியம அட்டவணையை, அதாவது இடை 10, நியம விலகல் 3 என்று மாற்றித் தரும் அந்த அட்டவணையை, தொடவே வேண்டாம். எங்கள் பிள்ளைகள் எல்லாரும், எந்தச் சமூகமானாலும், பேப்பரில் மெதுவானவர்களாகத் தெரிவார்கள்.

அசை சமமாக இருந்தாலும் ஓசை சமமில்லை. ஒண்டு, ரெண்டு, மூண்டு மூன்றும் "ண்டு" என்று முடியும். ஒத்த ஓசையுள்ளவை ஒன்றோடொன்று குழம்பும் என்பதை 1964இலேயே கொன்ராடும் ஹல்லும் காட்டிவிட்டார்கள். "2-1-3" என்று ஒரு தொடர் தமிழ்ப் பிள்ளைக்கு வந்தால் அது அந்த நீளத்துக்கு உரிய கடினத்தைவிடக் கடினம். சிங்களத்தில் அந்தப் பொல்லாப்பு வேறிடத்தில்: எக-தெக (1-2), பஹ-ஹய-ஹத (5-6-7). ஒரே எண் பட்டியலை இரண்டு மொழிக்கும் கொடுத்தால் நாலாவது தொடர் தமிழில் கடினமாகவும் ஆறாவது தொடர் சிங்களத்தில் கடினமாகவும் அமையும். ஒவ்வொரு மொழிக்கும் தொடர்களைத் தனியாகக் கட்டுங்கள். தமிழில் 1, 2, 3 மூன்றில் இரண்டு அடுத்தடுத்து வராமலும், சிங்களத்தில் மேலே சொன்ன சோடிகள் அடுத்தடுத்து வராமலும் பார்த்தால் போதும்.

தம்பலகாமம்_வயல்

கன்னியா சொன்ன ஓசை விசயம் சரி. நடத்தும்போது நடக்கிற பிழைகள் அதைவிடப் பெரிசு. நான் வரிசையாகப் போடவில்லை, முக்கியமானதைச் சொல்கிறேன்.

செக்கனுக்கு ஒரு எண். போனில் மெட்ரோனோமை (தாளம் தட்டும் செயலியை) நிமிடத்துக்கு 60இல் வைத்துப் பழகுங்கள், சோதிக்கும்போது சத்தத்தை நிறுத்துங்கள். கடைசி எண்ணில் மட்டும் குரலைச் சற்று இறக்குங்கள், அதுதான் "முடிந்தது, இனி நீ சொல்" என்ற அடையாளம். ஆகக் கூடுதலாக நடக்கிற பிழை, ரீச்சர்மார் போன் இலக்கம் சொல்வதுபோல மூன்று மூன்றாகப் பிரித்து ராகம் போடுவது. "ஏழு நாலு ரெண்டு... ஒம்பது அஞ்சு ஆறு" என்று இழுத்தால் பிள்ளைக்குக் கூட்டு கட்டிக் கொடுத்ததாகிவிடும், வீச்சு சும்மா ஏறும். மூன்று பாடசாலைக்கு மூன்று பேர் போய் ஒருவர் ராகம் போட்டு மற்றவர் தட்டையாகச் சொன்னால் அந்த வித்தியாசம் நேரே இன வித்தியாசமாகப் பதிவாகும். ஒரு மொழிக்கு ஒரு குரலில் ஒலிப்பதிவு செய்து சின்ன ஸ்பீக்கரில் போடுவதே பாதுகாப்பு.

ஒரு நீளத்துக்கு இரண்டு தொடர். இரண்டும் பிழைத்தால் நிறுத்துங்கள், ஒன்று பிழைத்தால் தொடருங்கள். தொடரைத் திருப்பி வாசிக்கக் கூடாது, பிள்ளை "என்ன?" என்று கேட்டாலும் "உனக்கு ஞாபகமுள்ள மட்டும் சொல்லு" என்றுதான் சொல்லவேண்டும். சோதனைக்கு முதல் இரண்டு எண்ணில் பயிற்சி கட்டாயம். பின்னோக்கிச் சொல்கிற பகுதியில் கனபிள்ளைகளுக்கு விதியே விளங்காமல் பூச்சியம் வரும். அது விளக்கக் குறைவு, ஞாபகக் குறைவு இல்லை.

இன்னொன்று: டியூசனாலும் போனாலும் நகரப் பிள்ளைகள் சிலர் எண்ணை இங்கிலீஷிலேயே மனதுக்குள் ஓட்டுகிறார்கள். தமிழில் கேட்டு "செவன் போர் டூ" என்று உதடு அசைவதைக் காணலாம். விடையை எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கட்டாயம் குறியுங்கள். அந்தப் பிள்ளைக்கு அசை பாதி. கிராமப் பிள்ளைக்கு முழுசு.

காதையும் பாருங்கள். தடிமன், காதில் சீழ் உள்ள பிள்ளைக்கு "ஆறு" "ஏழு" ஒன்றாகக் கேட்கும். பின்னால் நின்று மெல்லிய குரலில் ஆறு சொல் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தால் பெரிய குறைபாடு அகப்படும்.

மணற்சேனை

எல்லாத்தையும் மொழி, பாடசாலை எண்டு தள்ளிவிட்டா, உண்மையிலயே இனத்துக்கு இனம் ஞாபகம் வேறுபட்டா அது எப்படித் தெரியவரும்? முன்னமே முடிவு கட்டிப்போட்டுத்தானே கதைக்கிறியள்?

கொட்டியாரம்

நியாயமான கேள்வி. சோதனைப் பொருளை மாற்றியபோது வரிசையே தலைகீழான இடங்கள் இருக்கின்றன, அதிலிருந்துதான் கதைக்கிறோம்.

ஜூடித் கேரின்ஸ் 1981இல் வெளியிட்ட ஆய்வில் அவுஸ்திரேலியப் பாலைவனப் பகுதிப் பூர்வகுடிப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். தட்டில் கட்டம் கட்டமாகப் பொருட்களை அடுக்கிக் காட்டி, குலைத்துவிட்டு, இருந்த இடத்தில் திரும்ப வைக்கச் சொன்னார். பூர்வகுடிப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். வெள்ளைப் பிள்ளைகள் பொருட்களின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வைக்க முடியாத, ஒரேமாதிரியான கற்களை அடுக்கினாலும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குக் குறையவில்லை.

1982இல் ரோகொஃப், வோடெல் இருவரும் குவாத்தமாலா மாயா ஊர்ப் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் எடுத்தார்கள், எல்லாரும் ஒன்பது வயது. தொடர்பில்லாத சொற்பட்டியலில் பின்தங்குவார்கள் என்று பேர்பெற்ற பிள்ளைகள், மலையும் ஏரியும் வீதியும் உள்ள ஒரு சின்ன மாதிரி ஊரில் 20 பொருட்களை இருந்த இடத்தில் வைப்பதில் அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சமமாக, சற்று மேலாகவே செய்தார்கள்.

1997இல் கம்பெல், டொலகன் குழு அமெரிக்காவில் காட்டியது இன்னும் நேரடியானது. முன்பே சொல் தெரிந்திருக்கவேண்டிய சோதனையில் சிறுபான்மைப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். யாருக்குமே தெரியாத போலிச் சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது போன்றவற்றில் வித்தியாசம் இல்லை.

வறுமையின் பாதிப்பு வேறு விசயம், அதை மறைக்கக்கூடாது. எவன்ஸும் ஷம்பெர்க்கும் 2009இல் காட்டினார்கள்: சிறுவயதில் வறுமையில் கழிந்த காலம் கூடக்கூட, வளர்ந்த பிறகு செயல் ஞாபகம் (ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறன்) குறைகிறது, இடையில் நிற்பது நீண்டகால மன அழுத்தம். ஆகவே வருமானம், தாயின் படிப்பு, இடம்பெயர்ந்த வரலாறு, காலைச் சாப்பாடு எல்லாவற்றையும் கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் 2006இல் போரால் மூதூரிலும் சம்பூரிலும் யார் யார் இடம்பெயர்ந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அது அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வீட்டுக்குள் இன்னும் இருக்கிறது.

மரபணுவைச் சொன்னால், 1972இல் லெவொன்டின் கணக்குப் போட்டது முதல் தெரிந்ததுதான்: மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 வீதம் ஒரே குடித்தொகைக்குள்ளேயே கிடக்கிறது.

கிண்ணியாத்துறை

கொட்டியாரம் நானாவுக்கு ஒரு சேர்க்கை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஹிப்ழ் (குர்ஆன் மனனம்) மதரசாவுக்குப் போகிற பிள்ளைகள் உங்கள் மாதிரிக்குள்ள வருவாங்க. அவங்களைப் பார்த்து "முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஞாபகம் கூட" என்று எழுதிடாதீங்க. ஸ்கிரிப்னரும் கோலும் லைபீரியாவில் வாய் (Vai) என்ற இன மக்களிடம் செய்து 1981இல் வெளியிட்ட வேலை இதற்கே பொருந்தும். குர்ஆன் ஓதப் பழகினவங்க, ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கூட்டிக் கூட்டி வரிசை பிசகாமல் சொல்கிற சோதனையில் முந்தினாங்க. சொற்களை எந்த வரிசையிலும் சொல்லலாம் என்ற சோதனையிலும், கதையிலும் அந்த முந்தல் இல்லை. ஓதுகிற முறையே ஒரு ஆயத்தை முடித்து அடுத்ததைச் சேர்த்துத் திரும்ப முதலிலிருந்து ஓதுவது. கை எதைப் பழகுதோ அதுதான் வரும். மதரசா எத்தனை வருசம், எத்தனை ஜுஸ்உ (குர்ஆன் பாகம்) மனனம் என்று ஒரு நிரல் வைங்க. தேவாரப் பண்ணிசை வகுப்பு, தஹம் பாசலையில் (பௌத்த அறநெறிப் பாடசாலையில்) காதா (பாளிச் செய்யுள்) மனனம் இதெல்லாத்தையும் அதே நிரலில் கேளுங்க, மூன்று பக்கமும் சமமாக.

கன்னியா7

அருமையான சேர்க்கை. இனி சொல் பட்டியல். மொழிபெயர்த்த பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்.

ஒரு சொல்லைப் பாருங்கள்: மரவள்ளிக்கிழங்கு. ம-ர-வள்-ளிக்-கி-ழங்-கு, ஏழு அசை. சிங்களத்தில் மஞ்ஞொக்கா, மூன்றே அசை. மூன்று சமூகமும் அவித்துச் சம்பலோடு சாப்பிடுகிற கிழங்கு, "பழக்கமான சொல்" என்ற சோதனையில் அது தேறிவிடும். ஆனால் மனதுக்குள் ஓட்டத் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கு மேல் நேரம் வேண்டும். தக்காளி இரண்டு மொழியிலும் மூன்று அசை, அது நல்லது. கத்தரிக்காய் நான்கு, வம்பட்டு மூன்று, வேண்டாம். மொழிக்கு மொழி அசையையும் பழக்கத்தையும் சேர்த்துச் சமப்படுத்துங்கள், சொல் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

தமிழுக்குள்ளேயே இரண்டு பக்கம் இருக்கிறது. தேர், விபூதி, மாவிளக்கு என்று ஒரு பட்டியல் கிண்ணியாப் பிள்ளைக்கு அந்நியம். கந்தூரி, தொப்பி, ஓதப்பள்ளி என்று ஒன்று நகர இந்துப் பிள்ளைக்கு அந்நியம். படகு, வலை, நண்டு, கிணறு, பாய், கதிரை என்று போங்கள். வெருகல் பக்கக் கடலோர வேடப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

போலிச் சொல் பகுதியும் சேர்ப்பதானால் இரண்டு அசையிலிருந்து ஐந்து அசை வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் ஐந்தாறு, தமிழ் ஒலி ஒழுங்குக்குள். "மிடலு", "தோருசபி" போல. ழகரத்தைத் தவிர்த்துவிடுங்கள், கிழக்கில் பலர் ளகரமாகத்தான் சொல்வார்கள், அதைப் பிழை என்று வெட்டினால் உச்சரிப்பை அளந்ததாகிவிடும்.

கதை ஞாபகத்தில் எல்லாம் கதையின் உலகத்தில் தங்கியிருக்கிறது. 1979இல் ஸ்டெஃபன்சனும் கூட்டாளிகளும் ஒரு இந்தியக் கல்யாணம், ஒரு அமெரிக்கக் கல்யாணம் பற்றிய கடிதங்களை இரு நாட்டவருக்கும் கொடுத்தார்கள். தங்கள் ஊர்க் கல்யாணத்தை வேகமாக வாசித்தார்கள், கூட ஞாபகம் வைத்தார்கள், மற்றதைத் திரித்தார்கள். ஆகவே பொங்கலும் வேண்டாம், பெருநாளும் வேண்டாம், வெசாக்கும் வேண்டாம். படகு கரைக்கு வர லேட்டானது, பஸ் பழுதானது போன்ற கதை. 12 முதல் 15 கருத்துத் துண்டு. சொல்லுக்குச் சொல் பார்க்காமல் கருத்துத் துண்டுக்குப் புள்ளி. "வாப்பா வந்தார்" "அப்பா வந்தார்" இரண்டும் ஒரே புள்ளி.

தம்பலகாமம்_வயல்

கட்டைத் தட்டலில் சொல் இல்லாததால் மூன்று இடத்துக்கும் ஒரே கருவி போதும். தச்சரிடம் செய்விக்கலாம். பலகை 225 × 205 மில்லிமீற்றர், மேலே 30 மில்லிமீற்றர் கனக்கட்டைகள் ஒன்பது, ஒழுங்கில்லாத இடங்களில் ஒட்டியது. வரிசையாக ஒட்டினால் பிள்ளை கோலம்போல உருவம் பிடித்துவிடும். எல்லாக் கட்டையும் ஒரே நிறம், மங்கல் பூச்சு. மினுங்கினால் ஜன்னல் வெளிச்சம் பட்டுச் சில கட்டை மறையும். எண்கள் சோதிப்பவர் பக்க முகத்தில் மட்டும்.

செக்கனுக்கு ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் கையைத் தூக்குங்கள், பலகையில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிள்ளை எதிரே இருக்கவேண்டும், பக்கத்தில் இல்லை. இரண்டு கட்டையில் தொடங்கி, நீளத்துக்கு இரண்டு தொடர், இரண்டும் பிழைத்தால் நிறுத்தம். பலகை ஆடினால் கீழே ரப்பர் ஒட்டுங்கள்.

ஆனாலும் இது முழுக்கச் சுத்தமான கருவி என்று நம்பவேண்டாம். போனில் வரிசை தட்டும் விளையாட்டு விளையாடுகிற பிள்ளைக்குக் கை ஓடும். அதற்கும் ஒரு கேள்வி வையுங்கள்.

நிலாவெளி_அலை

நன்றி எல்லாருக்கும். சமூகத்துக்கு ஐந்து பாடசாலை, பாடசாலைக்கு எட்டுப் பிள்ளை என்று மாற்றுகிறேன். ஆனால் மேற்பார்வையாளர் இன நிரல் கட்டாயம் வேண்டும் என்கிறார். முடிவை எப்படி எழுதுவது?

கொட்டியாரம்

நிரலை வையுங்கள். வருமானம், தாயின் படிப்பு, பாடசாலை, மனனப் பழக்கம் எல்லாம் சேர்த்த பிறகு அந்த நிரலில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். இடையை மட்டும் போடாமல் பரம்பலை வரைந்து போடுங்கள். இரண்டு குழுவின் இடைகள் நியம விலகலில் 0.3 பங்கு விலகியிருந்தால்கூட வளையிகள் 88 வீதம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அந்தப் படத்தைப் பார்க்கிற அதிபர் எவரும் "எங்கட பிள்ளைகள் குறைவு" என்று வாசிக்கமாட்டார்.

பாடசாலைப் பெயரையும் கிராமப் பெயரையும் எழுதாதீர்கள். ஐந்து முஸ்லிம் பாடசாலை, ஐந்து தமிழ்ப் பாடசாலை என்று போட்டாலே ஊரில் எதுவென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பாடசாலைவாரி இடையையும் வெளியிடவேண்டாம். திரும்பச் சோதித்தபோதும் பிழைக்கிற பிள்ளைகளின் பெயரை மட்டும் அவரவர் பெற்றோருக்கும் வகுப்பு ரீச்சருக்கும் தனியாகக் கொடுங்கள், காதுப் பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லி. ஒன்பது வயதில் ஒரு காது அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தால், அந்த ஒரு பிள்ளைக்கு உங்கள் ஒப்படை முழுவதையும்விட அது பெரிசு.

உப்பாறு

சோதனை வரிசையையும் மாத்தி மாத்திக் குடுங்கோ. எல்லாருக்கும் கட்டைத் தட்டல் கடைசியா வந்தா, களைச்ச பிள்ளையைத்தான் அளப்பியள். பாதிப் பேருக்கு எண் முதல், பாதிப் பேருக்குக் கட்டை முதல். ஒரு பிள்ளைக்கு மொத்தம் 35 நிமிசத்துக்கு மேல வேண்டாம், நடுவில தண்ணி குடிக்க விடுங்கோ. முதல்ல மாதிரிக்குள்ள வராத எட்டுப் பிள்ளைகளில ஓட்டிப் பாத்திட்டு, தொடர்களில எல்லாரும் விழுற இடம் ஏதும் இருந்தா இஞ்ச போடுங்கோ, பாப்பம்.